நித்திரை பொறுக்காது

சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு ஹியூம் நெடுஞ்சாலை வழியே ஏறத்தாழ 880 கிலோமீற்றர். வெள்ளி மாலை வேலை முடிந்ததும் புறப்பட்டு, சனி காலைத் திருமணத்திற்கு விரையும் எம்மவர் பலர். 2013ஆம் ஆண்டு முதல் போக்கிற்கும் வரவிற்கும் வழிநெடுகத் தனித்தனிப் பாதைகள் உள்ளன. எனினும் சாரதியின் களைப்பை எவ்வீதியும் போக்காது. இருளில் கங்காருக்களும் குறுக்கிடும்.

இரு நாள் விடுமுறை எடுங்கள். காலையிற் புறப்படுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இறங்கி நடவுங்கள். நடுவழிக்குச் சற்று முன்னுள்ள கண்டகாயில் இரவு தங்குங்கள். மறுநாள், 1915இல் நீர்மூழ்கித் தளபதி ஒருவரின் பெயரைப் பெற்ற ஹோல்புரூக்கில், கடலற்ற நிலத்தில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

இரு நாட் சம்பளம் போகுமேயெனத் தயங்காதீர்கள். பிந்தினால் மணவீட்டார் பொறுப்பர், நித்திரை பொறுக்காது.