சுத்தியலைக் கீழே வைங்கப்பா!

இங்கே அமெரிக்காவில் நம்ம பசங்க சல்லிசா வாங்குற பழைய பிக்கப் டிரக்கில் பின் ஆக்ஸில் கழலலைன்னா, உடனே சுத்தியலால நாலு போடு போடுறாங்க. எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

முதல்ல, அதை எது பிடிச்சிருக்குன்னு பாருங்க. ஃபோர்டு 9 இன்ச் வகைன்னா சக்கரப் பக்கம் 4 போல்ட் போட்ட தகடு. செவர்லே 10 போல்ட் வகையில் பெரும்பாலும் டிஃபரன்ஷியலுக்குள்ளே சி-கிளிப். அதையெல்லாம் எடுத்த பிறகும் வரலையா? ஹவுசிங் குழாயே வளைஞ்சு ஆக்ஸிலைக் கவ்வியிருக்கலாம்.

ஸ்லைடு ஹேமரைப் பூட்டி இழுத்தா வந்துடும்தான். ஆனா வளைஞ்ச ஹவுசிங்கிலேயே புது ஆக்ஸிலை மாட்டினா பேரிங்கும் ஆயில் சீலும் மறுபடி போகும். கசியுற ஆயில் பிரேக்கில் இறங்கும். உயிர் விஷயம்ங்க! ஆக்ஸிலுக்குக் காசு கொடுக்குமுன் ஹவுசிங்கை நிமிர்த்துங்க, இல்லைன்னா மாத்துங்க. என்ன சொல்றீங்க மக்களே?