நீர்க் கணக்கு யார் கையில்?

நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளிக்கு நிலத்தடி நீர் ஆபத்து. சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளிக்கோ அதே நீர்தான் சோறு.

பழுப்பு நிலக்கரிக்குக் கீழே, மணல் அடுக்கில், நீர் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கிறது. மேல்மண்ணை அகற்றினால் அது சுரங்கத்தின் தரையைப் பிளந்து பீறிடும். ஆகவே இராப்பகலாகப் பம்புகள் அதை இறைத்து வருகின்றன. இறைக்காவிட்டால் சுரங்கம் மூழ்கும். அளவு மீறி இறைத்தால் கிராமத்துக் கிணறு வற்றும்.

எவ்வளவு இறைத்தால் போதும்? எந்தப் பம்பை ஓட்டலாம், எதை நிறுத்தலாம்? இதைக் கணக்கிட இன்று கம்ப்யூட்டர் இருக்கிறது. பூமியின் அடுக்குகளைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மழைநீர் எவ்வளவு இறங்குகிறது, பம்பு எவ்வளவு இழுக்கிறது, நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அது கணக்குப் போடுகிறது. கிணறுகளில் உண்மையில் அளந்த மட்டத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்தியபின், வரப்போகும் நிலையை மதிப்பிடுகிறது. இந்த விஞ்ஞானத்தை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால், புதிய எந்திரம் வந்தால் அது யாருக்காக ஓடுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். இது மில் தொழிலாளர்களின் அனுபவம். சுரங்கம் மூழ்காதிருக்க வழி என்ன என்று மட்டும் கேட்டால், கம்ப்யூட்டர் அதற்கு மட்டுமே விடை தரும். கிணறு வற்றாதிருக்க வழி கேட்பவரும் அங்கே உட்கார வேண்டாமா?

2023 ஜூலையில் வளையமாதேவியில் நடந்ததை மறக்க முடியுமா? பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, விளைந்து வந்த நெற்பயிர்மீது எந்திரங்கள் ஏறின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிர்வாகம். அறுவடை வரை பொறுத்தால் என்ன குடி முழுகிவிடும்? சுரங்கத்தின் நீர்க் கணக்கில் உழவனின் பருவத்துக்கு இடமில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இது பொதுத்துறைச் சுரங்கம்; மக்களின் சொத்து. அதன் கணக்கும் மக்களுக்குரியதே. எனவே நாம் கோருகிறோம்:

இறைக்கும் நீரின் அளவு, கிணறுகளின் மட்டம், கம்ப்யூட்டர் காட்டும் முடிவு ஆகிய மூன்றும் மாதந்தோறும் தமிழில், ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

கிணற்று மட்டம் அளக்கும்போது தொழிற்சங்கத்தாரும் விவசாயத் தொழிலாளர் சங்கத்தாரும் உடனிருக்க வேண்டும்.

இறைத்த நீரில் வயல்களுக்குரிய பங்கு எழுத்தில் உறுதிசெய்யப்பட வேண்டும்.

சுரங்கத்தில் நிற்பவரும் வரப்பில் நிற்பவரும் உழைப்பாளிகளே. ஒருவரைக் காக்க மற்றவரைக் காயவைக்கும் கணக்கை இருவரும் சேர்ந்தே திருத்த வேண்டும். திருத்துவோம்!