ரிட்டர்ன் இலவசமாம்!

“வாங்கித்தான் பார்ப்போமே, பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடலாம். நமக்கென்ன நஷ்டம்?” பண்டிகைத் தள்ளுபடி அறிவிப்பு வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு கேட்கிற பேச்சு இது. ஒரே சுடிதாரில் எல், எக்ஸ்எல் இரண்டையும் வரவழைத்து, பொருந்தியதை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடுவது சாமர்த்தியம் என்றே ஆகிவிட்டது. யாராவது கேட்டால், “அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு செலவா?” என்று பதில் வரும். நமக்கு நஷ்டமில்லை என்பதும் தவறு. நஷ்டம் கம்பெனிக்குத்தான் என்பதும் தவறு.

திருப்பூரில் சின்னதாகத் தொழில் நடத்தும் ஒருவர் 300 ரூபாய் டி-ஷர்ட் ஒன்றைத் திருநெல்வேலிக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் ஹப்புக்குப் போகும், ஸ்கேன் ஆகும், பின்கோடு வாரியாகப் பிரிந்து மூட்டையாகும், இரவு லாரியில் ஏறும், காலையில் டெலிவரி சென்டரில் இறங்கி பைக்கில் வீடு வந்து சேரும். இந்தப் பயணத்தில் லாரியும் நிறைந்திருக்கும், ரைடரின் பையும் நிறைந்திருக்கும். அதனால் ஒரு பார்சலின் தலையில் விழும் செலவு குறைவு. கூரியர் தொழிலின் கணக்கே அந்த நெரிசலில்தான் நிற்கிறது.

திரும்பும் பார்சலுக்கு அந்த நெரிசல் கிடையாது. இந்தத் தெருவில் ஒன்று, மூன்று கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. ரைடர் வாசலில் நின்று, டேக் இருக்கிறதா, கறை உண்டா, நிறம் செயலியில் உள்ள படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, போட்டோ எடுத்து, அதன் பிறகே வாங்கிப்போக வேண்டும். டெலிவரி சென்டரில் போதிய பார்சல் சேரும்வரை அது மூலையில் கிடக்கும். சரக்கை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையைவிடத் திரும்ப எடுத்துப்போகும் வேலைக்குக் கை அதிகம், நாள் அதிகம். ‘ரிவர்ஸ் லாஜிஸ்டிக்ஸ்’ என்று தனிப் பிரிவே லாஜிஸ்டிக்ஸ் துறையில் வளர்ந்து நிற்பது இதனால்தான்.

திருப்பூருக்குத் திரும்பிய பின் நடப்பதையும் பாருங்கள். விற்பவர் கவரை உடனே கிழிப்பதில்லை. முதலில் செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிடுகிறார். பிறகு லேபிளை கேமராவில் காட்டி, கத்தரிக்கோலால் மெதுவாகப் பிரிக்கிறார். உள்ளே தன்னுடைய டி-ஷர்ட்டுக்குப் பதில் பழந்துணி இருந்தால், இழப்பீடு கேட்க அந்த வீடியோ ஒன்றுதான் சாட்சி. சொந்தச் சரக்கே வந்திருந்தாலும் பவுடர் வாசனை, கசங்கல், கழன்ற டேக். திரும்ப அயர்ன் போட்டு, புதுக் கவரில் போட வேண்டும். அதற்குள் தீபாவளி முடிந்து அந்த டிசைனின் மவுசும் போயிருக்கும். திரும்பி வந்த கூலியும் பெரும்பாலும் அவர் கணக்கில்தான் பிடிக்கப்படும்.

அவர் என்ன செய்வார்? அடுத்த முறை விலையில் ஏற்றி வைப்பார். அந்த விலையைத் திருப்பி அனுப்பாதவரும் சேர்த்துக் கொடுக்கிறார். சந்தேகமிருந்தால் சில செயலிகளில் பாருங்கள். எந்தக் காரணத்துக்கும் திருப்பலாம் என்றால் ஒரு விலை. பழுதாகவோ தவறாகவோ வந்தால் மட்டும் திருப்பலாம் என்றால் அதைவிடக் குறைந்த விலை. இலவசம் என்று சொல்லப்பட்டதற்கு விலைச்சீட்டு அங்கேயே தொங்குகிறது.

வாங்காமல் வாசலிலேயே மறுப்பதும் திருப்பி அனுப்புவதுதான். பொருள் வந்ததும் பணம் என்ற ஏற்பாடு நமக்குப் புதிதல்ல. பழைய பத்திரிகை விளம்பரங்களைப் பார்த்து, தபால்காரரிடம் பணம் கட்டி வி.பி.பி.யில் புத்தகமும் லேகியமும் வாங்கிய ஊர் இது. ஃபிளிப்கார்ட் 2010இல் கேஷ் ஆன் டெலிவரியைக் கொண்டுவந்து அதே பழக்கத்தைப் பெருவணிகமாக்கியது. அன்று வி.பி.பி.யை மறுக்கக் கொஞ்சம் கூசுவார்கள். இன்று ரைடர் போன் செய்தால் எடுப்பதில்லை, எடுத்தால், “வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க.” டெலிவரி ஆன பார்சலுக்கு மட்டும் கூலி என்று வேலை செய்பவருக்கு அந்த நடையில் பெட்ரோல் செலவுதான் மிச்சம்.

அமெரிக்கக் கதை இன்னும் பெரிது. 2024இல் அங்கே திரும்பிய சரக்கின் மதிப்பு 89,000 கோடி டாலர், சில்லறை விற்பனையில் 16.9 சதவீதம் என்று அந்நாட்டுச் சில்லறை வணிகக் கூட்டமைப்பு மதிப்பிட்டது. பிரிட்டனில் ஸாரா 2022இலேயே கூரியர் வழியாகத் திருப்பும் ஆடைகளுக்குக் கட்டணம் போட்டுவிட்டது. விற்காத சரக்கும் திரும்பிய சரக்கும் குவிந்தால் என்னவாகும் என்பதை 2021இல் ஐடிவி தொலைக்காட்சி காட்டியது. ஸ்காட்லாந்தின் டன்ஃபெர்ம்லினில் உள்ள அமேசான் கிடங்கில் நல்ல பொருட்களும் அழிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டிருந்தன. விற்காத பொருளை அழிக்கக் கூடாது என்று பிரான்ஸ் சட்டமே போட வேண்டியிருந்தது.

இப்படித் திருப்பி அனுப்பும் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவர்கள் கம்பெனிகள்தானே என்று கேட்பீர்கள். உண்மை. வாடிக்கையாளரை வளைக்க ‘ஈஸி ரிட்டர்ன்’ என்று தம்பட்டம் அடித்தவர்கள் அவர்கள். அளவுப் பட்டியலை ஒழுங்காகப் போடாமல், படத்தில் ஒரு நிறமும் கவரில் ஒரு நிறமுமாக அனுப்புகிறவர்களும் உண்டு. பழுதான பொருளையும், சொன்னதற்கு மாறான பொருளையும் விற்பவர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. அந்த உரிமையில் இம்மியும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் உரிமை வேறு, ஊதாரித்தனம் வேறு. கம்பெனி போட்ட தூண்டிலைச் சலுகை என்று நம்பி, அதன் சுமையைத் திருப்பூர்க்காரர் முதுகிலும் ரைடர் முதுகிலும் ஏற்றுவதற்கு நியாயம் கிடையாது.

அளவு நாடாவை எடுத்து ஒரு முறை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். மனம் மாறினால் பார்சல் கிளம்புவதற்கு முன்பே கேன்சல் செய்யுங்கள். ரைடர் அழைத்தால் போனை எடுங்கள். பழுதென்றால் தயங்காமல் திருப்புங்கள், பொழுதுபோக்குக்காகத் திருப்பாதீர்கள். அந்தக் கூலி அடுத்த பார்சலின் விலையில் உங்களிடமே வசூலாகும்.