ஊர் நலம் ஊராட்சியின் கையில்

“நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்” என்று நாம் சிறுவயது முதலே படித்து வருகிறோம். அச்செல்வத்தைக் காப்பது யார் பொறுப்பு என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் “டாக்டர்” என்றே விடை சொல்வோம். ஆனால் டாக்டரிடம் போவதற்கு வெகு முன்பே நம் உடல்நலம் வேறிடங்களில் முடிவாகிக்கொண்டிருக்கிறது. குடிதண்ணீர்த் தொட்டி, தெருச் சாக்கடை, குப்பை மேடு, மழைநீர் தேங்கும் பள்ளம் ஆகியவையே அவ்விடங்கள். இவை யாவும் ஊராட்சியின் பொறுப்பில் உள்ளவை.

தொட்டியில் குளோரின் கலக்கத் தவறினால் சில நாட்களில் ஊரெங்கும் வயிற்றுப்போக்கு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ சாக்கடையை நாடுவதில்லை. தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நிற்கும் நல்ல தண்ணீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ பத்து நாட்கள் ஆகும். ஆகவே வாரம் ஒருமுறை அத்தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இதைச் செய்ய எம்.பி.பி.எஸ். படித்தவர் தேவையில்லை, ஊராட்சிப் பணியாளர் போதும், அவருக்குச் சம்பளம் ஒழுங்காக வந்தால்!

இது புதிய கருத்தன்று. நம் மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றங்கள் தம் வருமானத்தில் ஒரு பங்கைப் பொதுச் சுகாதாரத்திற்கென ஒதுக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறியது. அதற்கும் முன்பு, 1920இல், தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தது. அச்செலவுக்கு அன்றைய அரசு இசையாததால் சில ஆண்டுகளில் அது நின்றுபோயிற்று. பணிசெய்ய மனம் இருந்தும் பணம் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்க 29 துறைகளைப் பட்டியலிட்டது. மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள் உள்ளிட்ட சுகாதாரம் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஒப்படைப்பதும் ஒப்படைக்காததும் மாநிலங்களின் விருப்பம். தமிழகத்தில் சென்னை மாநகராட்சி தன் சுகாதார நிலையங்களைத் தானே நடத்துகிறது. கிராமங்களிலோ ஆரம்ப சுகாதார நிலையமும் துணை நிலையமும் மாநில அரசின் பொதுச் சுகாதாரத் துறையைச் சார்ந்தவை. ஊராட்சித் தலைவருக்கு அங்கே அதிகாரம் இல்லை.

இதனால் வரும் தொல்லையை எங்கள் விடுதித் தோழி ஒருத்தி சொன்னாள். அவள் ஊரில் துணை சுகாதார நிலையத்திற்கு எதிரிலேயே தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. ஆனால் நிலையத்திற்குக் குழாய் இணைப்பு இல்லை. கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கும் நர்ஸம்மா தாமே குடத்தில் தண்ணீர் சுமந்து வருவாராம். ஊராட்சியில் கேட்டால் “கட்டடம் எங்களுடையதன்று” என்பர். துறையில் கேட்டால் “மேலே எழுதியிருக்கிறோம்” என்பர். குழாய் போடவேண்டிய தூரம் ஒரு தெருவின் அகலம்!

அண்டை மாநிலமான கேரளத்தில் வழி வேறு. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கிய அம்மாநிலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராம ஊராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. டாக்டருக்குச் சம்பளம் தருவது மாநில அரசே. கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் நிலையத்தின் தேவைகளைக் கவனிப்பதும் ஊராட்சி. படுத்த படுக்கையாகிவிட்ட முதியவர்களின் வீடு தேடிச் செவிலியரை அனுப்பும் பணியையும் அங்குள்ள உள்ளாட்சிகள் நடத்துகின்றன. இது எங்களை மிகவும் கவர்ந்தது. எந்தத் தெருவில் எந்தப் பாட்டி எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார் என்பது தலைநகரத்துக்கு எப்படித் தெரியும்?

“ஊராட்சித் தலைவருக்கு மருத்துவம் என்ன தெரியும்? கட்சியும் சாதியும் ஆஸ்பத்திரிக்குள் புகுந்துவிடுமே” என்று பெரியவர்கள் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வீண் என்று நாங்கள் சொல்லமாட்டோம். மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் மருந்து வாங்குவதற்காக 1994இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகம் நற்பெயர் பெற்றது. மருந்து வாங்குவதும் டாக்டரை நியமிப்பதும் அரசிடமே இருக்கட்டும். தண்ணீர், விளக்கு, கழிப்பறை, சுற்றுச்சுவர், நிலையம் நேரத்திற்குத் திறக்கிறதா என்ற கண்காணிப்பு ஆகியவற்றை ஊராட்சிக்கு விடலாமே! விடும்போது பணத்தையும் சேர்த்தே விட வேண்டும். 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு, உள்ளாட்சிகள் வழியே சுகாதாரத்திற்கென நாடு முழுவதற்கும் 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. அதில் தன் ஊருக்கு வந்தது எவ்வளவு என்று எங்கள் வகுப்பில் ஒருத்தியாலும் சொல்ல முடியவில்லை.

தமிழக உள்ளாட்சிகளில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் செய்யப்பட்டது. பிரசவத்திற்கும் தடுப்பூசிக்கும் அந்த நிலையத்தின் படியேறுகிறவர்கள் பெண்கள்தாம். ஆனால் கிராம சபைக்கு உங்கள் அம்மா போனதுண்டா என்று வகுப்பில் கேட்டபோது ஓரிருவரே கை தூக்கினர். தோழியரே, நமக்கு வாக்குரிமை வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. கிராம சபையோ ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு அம்மாவை அனுப்பிவையுங்கள். தொட்டியைக் கடைசியாகக் கழுவியது எந்தத் தேதியில், சுகாதாரத்திற்கென வந்த தொகை எவ்வளவு, நர்ஸம்மாவின் குழாய் எப்போது வரும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.