‘இது நீங்களா மாமா?’

கோவையில் ஒரு நிறுவனத்தின் கஸ்டமர் கேர் பிரிவில் வேலை பார்க்கும் அந்த இளைஞருக்கு வயது 24. சொந்த ஊர் தாராபுரம் பக்கம். கையில் இருப்பது ஒரே போன். அதற்குள் இன்ஸ்டாகிராம் கணக்குகள் இரண்டு.

முதல் கணக்கில் சொந்தப் பெயர், காலேஜ் ஆண்டு விழா போட்டோ, குலதெய்வக் கோயில் பொங்கல், அக்கா குழந்தையின் காதுகுத்து எல்லாம் உண்டு. சித்தப்பாவில் ஆரம்பித்து பத்தாம் வகுப்பு கணக்கு டீச்சர் வரை அதில் இருக்கிறார்கள். இரண்டாவது கணக்கில் பெயரும் இல்லை, முகமும் இல்லை. முகப்புப் படம், பாதி டீ இருக்கும் ஓர் எவர்சில்வர் டம்ளர். அவர் தன்பாலீர்ப்பாளர் என்பது அந்தக் கணக்கைப் பின்தொடரும் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத் தெரியும். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

அதில் புரட்சிகரமாக ஏதோ எழுதுகிறார் என்று நினைக்க வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து இரவு 11 மணிக்கு ரூமுக்கு வந்தால் மெஸ் ரசம் பற்றி ஒரு போஸ்ட். வாடகைக்கு வீடு தேடிப் போனபோது ஹவுஸ் ஓனர் ‘பேச்சுலரா?’ என்று கேட்டதைப் பற்றி ஒன்று: ‘ஆமாங்க, கடைசி வரைக்கும் பேச்சுலர்தான். சட்டமே அப்படித்தான் சொல்லுது.’

அது வெறும் ஜோக் இல்லை. 2018 செப்டம்பர் 6-ம் தேதி, வயது வந்த இருவர் விரும்பிச் சேர்ந்திருப்பது குற்றமல்ல என்று சொல்லி, அந்த அளவுக்கு 377-வது பிரிவை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது அவர் பள்ளி மாணவர். செய்தியை வீட்டு டி.வி-யில் அப்பாவோடு உட்கார்ந்து பார்த்தார். அப்பா சேனலை மாற்றிவிட்டார். 2023 அக்டோபர் 17-ம் தேதி, ஒரே பாலினத்தவர் திருமணத்தை அங்கீகரிக்க அதே நீதிமன்றம் மறுத்தபோது அவர் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ‘கல்யாணம் அப்புறம். ரெண்டு பசங்க சேர்ந்து ஒரு வீடு எடுத்தா, பத்து வருஷம் கழிச்சும் கேள்வி கேட்காத ஹவுஸ் ஓனர் முதல்ல வரட்டும்’ என்று அன்று எழுதினார்.

ஜூன் மாதம் வந்தால் கம்பெனிகள் லோகோவில் வானவில் பூசிக்கொள்வது அவருக்குப் பிடிக்காது. அவர் ஆபீஸிலும் பேட்ஜ் கொடுத்தார்கள். டீமில் ஒருவரின் நடையைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பது மட்டும் நிற்கவில்லை. ‘தைரியமா வீட்ல சொல்லிடு’ என்று வெளிநாட்டிலிருந்து அறிவுரை சொல்பவர்கள் மீதும் கோபம் உண்டு. ‘சொன்ன அன்னிக்கு ராத்திரி எங்க போய்ப் படுக்கறது? அதையும் சேர்த்துச் சொல்லுங்க’ என்பார்.

ஒருமுறை, டேட்டிங் ஆப்பில் பழகிய நபர் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு பணம் கேட்டு மிரட்டுவதாக ஒரு கல்லூரி மாணவர் இவருக்கு மெசேஜ் அனுப்பினார். போலீஸுக்குப் போனால் தன்னையே பிடித்துப் போடுவார்கள் என்று அந்தப் பையனுக்கு பயம். விரும்பிப் பழகியது குற்றம் கிடையாது, மிரட்டிப் பணம் கேட்பதுதான் குற்றம் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லி, 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணில் புகார் கொடுக்கச் சொன்னார். முகம் தெரியாத ஒருவருக்கு விடியற்காலை 3 மணி வரை தைரியம் சொல்ல முடிந்திருக்கிறது.

தமிழில் இதற்கெல்லாம் வார்த்தையே இல்லை என்ற குறை அவருக்கு வெகுநாள் இருந்தது. பள்ளி மைதானத்தில் காதில் விழுந்தவை எல்லாம் வசவுகள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு கேட்ட இரண்டு இளம்பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவு பிறப்பித்தார். தனக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதிய உத்தரவு அது. அதே வழக்கின் தொடர்ச்சியாகத்தான் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு 2022-ல் வெளியிட்டது. ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல்லை அவர் ரூம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறார். அம்மாவிடம் சொல்வதுபோல.

இவ்வளவு யோசிப்பவர், பக்கத்தில் இருந்த ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை.

அவருடைய அத்தை மகளுக்கு 21 வயது. சேலத்தில் பி.எஸ்சி நர்சிங் கடைசி வருடம். அவள் பிறந்தபோதே ‘இவனுக்குத்தான்’ என்று பாட்டி சொன்னதாக வீட்டில் ஒரு பேச்சு. முதலில் விளையாட்டாகப் பேசினார்கள். போன தீபாவளிக்கு அத்தை நேரடியாகவே, ‘படிப்பு முடியட்டும், தையில வச்சுக்கலாம்’ என்றார். அவர் சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். சிரிப்பை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சமயத்தில் அவர் ‘காதல் - தி கோர்’ படத்தை மறுபடி பார்த்துவிட்டு ஒரு நீண்ட போஸ்ட் எழுதியிருந்தார். 2023-ல் வந்த மலையாளப் படம். தன்பாலீர்ப்புள்ள கணவராக மம்மூட்டியும், 20 வருடக் குடும்ப வாழ்க்கைக்குப் பிறகு விவாகரத்து கேட்கும் மனைவியாக ஜோதிகாவும் நடித்திருப்பார்கள். ‘எல்லாரும் மேத்யூவுக்காக அழறீங்க. ஓமனாவோட 20 வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பா?’ என்று முடித்திருந்தார். கமென்ட்டில் நிறைய ஹார்ட். கூடவே, அன்றைய டீயின் போட்டோ.

நான்காவது நாள் அந்தக் கணக்குக்கு ஒரு மெசேஜ் வந்தது. ‘இது நீங்களா மாமா?’

அத்தை மகள்தான்.

நடந்தது இவ்வளவே. இரண்டாவது கணக்கையும் அவர் தன் போன் நம்பரிலேயே தொடங்கியிருந்தார். அவள் தன் போனில் இருக்கும் நம்பர்களை எப்போதோ ஆப்புடன் இணைத்திருந்தாள். ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்று ஆப் ஒருநாள் இந்த டம்ளரை அவளிடம் நீட்டிவிட்டது. யாரோ என்று விட்டிருப்பாள். ஆனால், அந்த டீ போட்டோவில் டம்ளர் திரும்பி இருந்தது. அதில் பொறித்திருந்த பெயர் அவளுடையது. அவளுடைய மஞ்சள் நீராட்டு விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்த டம்ளர்.

பிளாக் செய்யலாமா என்று முதலில் நினைத்தார். செய்தால் ‘ஆமாம்’ என்று சொன்ன கணக்காகிவிடும். கணக்கையே அழித்தாலும் அதே பதில்தான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமான ‘இனிய காலை வணக்கம்’ வரும்போதெல்லாம் வயிறு கலங்கியது. மூன்று நாள் லீவு போட்டுவிட்டு ரூமிலேயே கிடந்தார். மூன்றாவது நாள் ராத்திரி, ‘ஆமா’ என்று மட்டும் பதில் போட்டார்.

உடனே போன் வந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள். அவர் எதிர்பார்த்த காரணத்துக்காக இல்லை.

“யாராருக்கோ பக்கம் பக்கமா எழுதறீங்க. ஓமனாவுக்காக வேற வருத்தப்படறீங்க. தையில கல்யாணம்னு எங்கம்மா நகைச்சீட்டு கட்டிட்டிருக்காங்க மாமா. எனக்கு எப்பச் சொல்றதா இருந்தீங்க?”

அவரிடம் பதில் இல்லை. எப்படியாவது தள்ளிப்போய்விடும், தானாகவே நின்றுவிடும் என்று நினைத்திருந்தார். பயத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். அவர் பயந்ததில் தப்பு சொல்ல முடியாது. ஆனால், அந்தப் பயத்துக்கான செலவில் பாதி அவள் தலையில் விழ இருந்தது. அதைக் கேட்கும் உரிமை அவளுக்கு உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஈரோடு பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பேக்கரியில் சந்தித்தார்கள். ‘இது எப்பத்துல இருந்து?’, ‘டாக்டர்கிட்ட காட்டினா சரியாகுமா?’ என்று நர்சிங் படிப்பவளே கேட்டாள். இது நோயல்ல என்றும், மாற்றிவிடுகிறேன் என்று வைத்தியம் பார்ப்பதைத் தேசிய மருத்துவ ஆணையமே 2022-ல் தொழில் ஒழுங்கீனம் என்று சொல்லிவிட்டது என்றும் அவர் விளக்கினார். ‘எங்க கிளாஸ்ல இதெல்லாம் சொல்லவே இல்ல’ என்றாள். கடைசியில், பஃப்ஸைப் பிய்த்துக்கொண்டே தன் ரகசியத்தைச் சொன்னாள். ஆறு மாதமாக ஜெர்மன் மொழி படிக்கிறாள். அங்கே நர்ஸ் வேலைக்குப் போக வேண்டும். கல்யாணப் பேச்சால் வீட்டில் வாயைத் திறக்க முடியவில்லை.

ஜெர்மனி விஷயத்தை அவள் வீட்டில் சொன்னாள். பெரிய சண்டை. அத்தை ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கல்யாணப் பேச்சு இப்போதைக்கு நின்றிருக்கிறது. நிறுத்திய பழி முழுக்க அவள் மேல். ‘படிக்க வச்சதுதான் தப்பு’ என்று அவருடைய அம்மாவே போனில் சொன்னபோது, இந்தப் பக்கம் அவர் ‘ம்’ மட்டும் கொட்டினார். அதற்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டார். “நானே போகணும்னுதானே இருந்தேன். ஆனா அடுத்த தடவை ‘ம்’ கொட்டாதீங்க” என்றாள்.

இப்போது டம்ளர் கணக்கிலிருந்து அவர் போன் நம்பரை நீக்கிவிட்டு, தனி மெயில் ஐ.டி கொடுத்திருக்கிறார். முகப்புப் படத்தை மட்டும் மாற்றவில்லை. பின்தொடர்பவர்களில் சொந்தப் பெயரோடு ஒரு நர்சிங் மாணவியும் இருக்கிறாள்.

போன வியாழக்கிழமை மதியம், அம்மாவிடமிருந்து அவருக்கு ஒரு பி.டி.எஃப் வந்தது. பல்லடம் பக்கத்துப் பெண், எம்.காம், ஜாதகம் நன்றாகப் பொருந்துகிறதாம். ‘பாத்துட்டுக் கூப்புடு சாமி’ என்று கீழே ஒரு வாய்ஸ் மெசேஜ். அவர் அதைத் திறக்கவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஊருக்கு பஸ் டிக்கெட் போட்டார்.