திட்டம் தீட்டுவோர் யார்? நிதி திரட்டுவோர் யார்?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவர் ஒருவர்)

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பர் நம் முன்னோர். தேர் எந்த வீதி வழியே போக வேண்டும் என்பதைச் சிலர் தனியே முடிவு செய்துவிட்டு, வடம் பிடிக்க மட்டும் ஊராரை அழைத்தால் அந்தத் தேர் நிலைக்கு வந்து சேருமா? இன்றைய உயர்கல்வியில் ஆசிரியப் பெருமக்களின் நிலை ஏறத்தாழ இதுவே. பாடத்திட்டம் எங்கோ வகுக்கப்படுகிறது. அது அச்சான பின்பே வகுப்பறைக்கு வருகிறது. ஆனால், "முன்னாள் மாணவரிடம் நன்கொடை பெறுங்கள், ஆய்வுத் திட்டம் எழுதிப் பணம் கொண்டு வாருங்கள்" என்னும் ஏவல் மட்டும் அவர்கள் மேசையைத் தவறாமல் வந்தடைகிறது. திட்டமிடும் உரிமையும் பொருள் தேடும் பொறுப்பும் சேர்ந்தே ஆசிரியர் கைக்கு வர வேண்டும். முன்னதை மறுத்துப் பின்னதை மட்டும் சுமத்துவது நீதியன்று. இதுவே இக்கட்டுரையின் கருத்து.

வரலாறு காட்டும் வழி

ஆசிரியர்களே கல்லூரியைத் திட்டமிட்டு, அதற்கான பொருளையும் தேடிய வரலாறு நம் நாட்டில் உண்டு. புனே நகரில் 1884-ல் தக்காணக் கல்விக் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டே அது பெர்குசன் கல்லூரியைத் தொடங்கியது. திலகரும் அகர்க்கரும் அதன் தொடக்ககால ஆசிரியர்கள். 'ஆயுள் உறுப்பினர்' எனப்பட்ட ஆசிரியர்கள் இருபது ஆண்டு உழைப்பதாக உறுதி பூண்டனர். கல்லூரியின் நிர்வாகத்தையும் அவர்களே கவனித்தனர். கோபாலகிருஷ்ண கோகலே அங்கே கணிதமும் ஆங்கிலமும் வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தார். அவர் பெற்ற ஊதியம் மாதம் 75 ரூபாய். கழகத்தின் செயலாளராகவும் இருந்த அவர், விடுமுறை நாள்களில் ஊர் ஊராய்ச் சென்று கல்லூரிக்காக நிதி திரட்டினார். 1902-ல் விடைபெற்றபோது அவருக்குக் கிடைத்த ஓய்வூதியம் மாதம் 30 ரூபாய்.

ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் கதையும் அத்தகையதே. 1920-ல் அலிகாரில் பிறந்து, 1925-ல் டில்லிக்குப் பெயர்ந்த நிறுவனம் அது. அதைத் தாங்கி நின்ற ஹக்கீம் அஜ்மல்கான் 1927-ன் இறுதியில் மறைந்ததும் மூடுவிழா நாளை எண்ண வேண்டிய நிலை வந்தது. அப்போது டாக்டர் ஜாகிர் உசேனும் உடனிருந்த ஆசிரியர்களும், இருபது ஆண்டுகள் மாதம் 150 ரூபாய்க்கு மேல் பெறாமல் பணிபுரிவோம் என 1928-ல் உறுதியெடுத்தனர். அந்நிறுவனம் 1988-ல் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று.

இவர்கள் மகிழ்ந்து உழைத்ததற்குக் காரணம் தியாக உணர்வு மட்டும்தானா? என்ன கற்பிப்பது, யாருக்குக் கற்பிப்பது, வந்த காசை எதற்குச் செலவிடுவது என்பவற்றை முடிவு செய்யும் இடத்திலும் அவர்களே இருந்தார்கள். ஆகவே கை ஏந்தியபோதும் தலை நிமிர்ந்து ஏந்தினார்கள். அங்கும் பூசல் இல்லாமலில்லை. ஊதியத்தையும் வெளிவருமானத்தையும் பற்றிய கருத்து வேறுபாட்டால் திலகர் 1890-ல் கழகத்தைவிட்டு விலகினார். ஆயினும் அது ஆசிரியர் தமக்குள் பேசித் தீர்க்க முயன்ற பூசல். மேலிருந்து இறங்கிய ஆணையன்று.

இன்றைய நிலை

1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி குழு இரண்டு செய்திகளை வலியுறுத்தியது. ஒன்று, தேசிய வருமானத்தில் ஆறு விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்பது. மற்றொன்று, சிறந்த கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வேண்டும் என்பது. தமிழ்நாட்டில் 1978-ல் தன்னாட்சிக் கல்லூரிகள் தோன்றின. அங்கே பாடம் நடத்துவோரே பாடத்திட்டம் வகுக்க வழி பிறந்தது. ஆனால் 2023-ல் மாநில உயர்கல்வி மன்றத்தின் பொதுப் பாடத்திட்டம் முன்வைக்கப்பட்டபோது ஆசிரியர் அமைப்புகள் எதிர்க்குரல் எழுப்பின. பொதுமை வேண்டுமா, தனித்தன்மை வேண்டுமா என்பது தனி வாதம். வகுப்பறையில் நிற்பவரைக் கேட்காமல் வகுக்கும் திட்டம் வகுப்பறையில் நிற்குமா என்பதே என் கேள்வி.

நம் செய்முறை வகுப்பையே பாருங்கள். ஒரு ஸ்பெக்ட்ரோமீட்டரைச் சுற்றி ஐந்து பேர் நிற்கிறோம். ஒருவர் அளவெடுக்கிறார், நால்வர் அதைப் பார்த்து எழுதுகிறோம். எந்தச் சோதனைக்குக் கருவி போதாது, எந்தக் கருவி பழுதாகி அலமாரியில் உறங்குகிறது என்பது விரிவுரையாளருக்கும் ஆய்வக உதவியாளருக்கும் தெரியும். பிள்ளையின் பசி பெற்றவள் அறிவாள். அவர்களைக் கேளாமல் நன்கொடை பெற்றால், வளைவும் பெயர்ப்பலகையும் எழும், ஸ்பெக்ட்ரோமீட்டர் வராது. கொடுப்பவர் விருப்பம் பாடத்தையே திசை திருப்பவும் கூடும். எனவே திட்டம் முதலில், நன்கொடை பிறகு.

மறுப்பும் விடையும்

கற்பிப்பதே ஆசிரியர் தொழில், கணக்கும் வசூலும் அவர்க்கு எதற்கு என்பர் சிலர். இதில் உண்மையுண்டு. கட்டடமும் ஊதியமும் கருவியும் தருவது அரசின் கடமை; அதை ஆசிரியர் தோளுக்கு மாற்றலாகாது. மத்தளத்திற்கு இருபுறமும் இடி என்பதுபோல் அவர்களை ஆக்கலாகாது. நான் வேண்டுவன நான்கு:

ஒன்று, ஒவ்வொரு துறையும் ஆண்டுதோறும் தன் தேவையை வரிசைப்படுத்தி எழுதித் தரட்டும். இரண்டு, பாடத்திட்டக் குழுக்களில் இணைப்புக் கல்லூரி ஆசிரியருக்குப் போதிய இடம் வேண்டும். மூன்று, திட்டப் பணியும் நிதிப் பணியும் மேற்கொள்ளும் ஆசிரியருக்கு வகுப்பு நேரம் குறைக்கப்பட வேண்டும். குறைந்த வகுப்புகளை நடத்த வேறோர் ஆசிரியர் வேண்டும். நான்கு, வந்த ஒவ்வொரு ரூபாயின் கணக்கும் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட வேண்டும்.

இவற்றோடு ஓர் எல்லைக்கோடும் வேண்டும். எந்தப் பெயராலும் வசூல் மாணவர் தலையில் விழக்கூடாது. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை கொத்தனாரிடம் சித்தாள். கட்டணம் குறைவு என்ற ஒன்றே என்னை இங்கே கொண்டு வந்தது. 'வளர்ச்சி நிதி' என்று சில நூறு ரூபாய் கூடினால், சிலருக்கு அது ஒரு மாலைப் பொழுதின் செலவு. எங்களுக்கு அது ஒரு பருவத்தின் படிப்பு. பல்கலைக்கழகத்தின் கூட்ட அறையில் இதை எடுத்துச் சொல்ல எங்களுக்கு இருக்கை இல்லை. எங்கள் பெயரும் முகமும் அறிந்த ஆசிரியர் அங்கே அமர்ந்திருந்தால், எங்கள் குரலும் அங்கே ஒலிக்கும்.

ஆசிரியர் அந்த அவையில் அமரட்டும்! வடம் பிடிக்க நாமும் வருவோம்!