கைக்கு வந்த பந்தும் வராத பந்தும்

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் ஒரு சண்டை. சொத்துச் சண்டை இல்லை, பயப்பட வேண்டாம். அமெரிக்கக் காற்பந்துச் சண்டை.

சித்தப்பா மகன் வந்திருந்தான். கணினித் துறையில் வேலை. அலுவலகத்தில் உள்ள அமெரிக்கர்களோடு பழகிப் பழகி அவனுக்கும் அந்த ஆட்டத்தின் பைத்தியம் பிடித்துவிட்டது. எனக்கு அது பழைய நோய். 2009 பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை, வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் கல்லூரி விடுதியில் சூப்பர் பவுல் இறுதியாட்டம் பார்த்தேன். அன்றைக்குத் தொற்றியது.

"அக்கா, எல்லாக் காலத்துக்கும் சிறந்த வைட் ரிசீவர் பத்துப் பேரைப் பட்டியல் போட்டிருக்கேன். பாருங்க" என்று கைப்பேசியை நீட்டினான். பார்த்தேன். என் ஆள் ஒன்பதாவது இடத்தில் இருந்தார்.

"லேரி ஃபிட்ஜெரால்டு ஒன்பதாவதா? டேய், நீ சோறுதானே சாப்பிடுற?"

அப்பா நாளிதழிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடம். நம் காற்பந்துக்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு உறவு கிடையாது. முட்டை வடிவப் பந்து, ஒரு பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நான்கு முயற்சி. குவாட்டர்பேக் என்பவர் பந்தை வீசுவார். ஓரத்திலிருந்து கிளம்பி, மனப்பாடம் செய்து வைத்த பாதையில் ஓடி, எதிரணிக்காரர் முதுகில் ஒட்டிக்கொண்டு வரும்போதே அதைப் பிடிப்பவர்தான் வைட் ரிசீவர். எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டால் டச் டவுன், 6 புள்ளி.

இந்த வேலையில் ஒரு சங்கடம் உண்டு. ரிசீவர் எவ்வளவு அழகாக ஓடினாலும், எதிராளியை எவ்வளவு தூரம் ஏமாற்றினாலும், வீசுகிறவர் கை தவறினால் ஏட்டில் ஒன்றும் ஏறாது. அவருடைய கணக்கை முதலில் எழுதுவது இன்னொருவருடைய கை.

முதல் இடத்தில் எங்களுக்குள் தகராறு இல்லை. ஜெர்ரி ரைஸ். பிடித்த பந்துகள் 1,549, கடந்த தூரம் 22,895 யார்டு, பிடித்து அடித்த டச் டவுன் 197. இவற்றை எவரும் நெருங்கவே இல்லை. பிடித்த பந்துகளிலும் தூரத்திலும் அவருக்கு அடுத்து நிற்பவர் யார்? ஃபிட்ஜெரால்டுதான். 1,432 பந்துகள், 17,492 யார்டு, 121 டச் டவுன். 2004 முதல் 2020 வரை 17 பருவங்கள், ஒரே அணி, அரிசோனா கார்டினல்ஸ்.

"அது நீண்ட நாள் ஆடினதால வந்த கணக்கு அக்கா" என்றான் தம்பி. "கேல்வின் ஜான்சனைப் பாருங்க. 9 பருவம்தான். 11,619 யார்டு. ஓர் ஆட்டத்துக்குச் சராசரி 86. உங்க ஆளுக்கு 66. 2012இல் ஒரே பருவத்துல 1,964 யார்டு எடுத்தாரு. ஆண்டின் முதல்தர அணிக்கு ரைஸ் 10 முறை தேர்வானாரு, ஓவன்ஸ் 5, மோஸ் 4. ஃபிட்ஜெரால்டு? 2008இல் ஒரே ஒரு முறை. அந்தந்த வருஷத்துலேயே முதலிடம் வராதவரை எல்லாக் காலத்துக்கும் எப்படி மேல வெப்பீங்க?"

நல்ல கேள்வி. பையன் தயாராகத்தான் வந்திருக்கிறான். நான் வேறு பக்கமாகப் போனேன்.

ரைஸுக்குப் பந்து வீசியவர்கள் ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங். இருவருமே புகழரங்கத்தில் இடம்பெற்றவர்கள். ஃபிட்ஜெரால்டுக்கு அப்படி ஒருவர் சில பருவங்கள் கிடைத்தார்: கர்ட் வார்னர். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த 2010 பருவத்தைப் பாருங்கள். டெரெக் ஆண்டர்சன், மேக்ஸ் ஹால், ஜான் ஸ்கெல்டன் என்று 16 ஆட்டங்களை மூன்று குவாட்டர்பேக்குகள் மாறி மாறித் தொடங்கினார்கள். அணி 11 ஆட்டங்களில் தோற்றது. அந்த வருடமும் ஃபிட்ஜெரால்டு 90 பந்து பிடித்து 1,137 யார்டு எடுத்தார். தலைக்கு மேலே போனது, காலடியில் விழுந்தது, முதுகுக்குப் பின்னால் வந்தது என்று எப்படிப்பட்ட பந்தையும் சரியாக வந்த பந்துபோல மாற்றிக் காட்டுவார்.

இதை நான் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். காரணம் உண்டு. வானொலியில் ஒரு வருடம் எனக்கு மூன்று தயாரிப்பாளர்கள் மாறினார்கள். ஒருவர் சிரிப்பு வேண்டும் என்றார், ஒருவர் பேச்சைக் குறை என்றார், மூன்றாமவர் என்ன வேண்டும் என்று சொல்வதற்குள் போய்விட்டார். நேயர் கணக்கெடுப்பு வந்தபோது எண்ணிக்கை இறங்கியிருந்தது. அந்த எண் என் பெயருக்குப் பக்கத்தில்தான் இருந்தது. காலை நேரத்திலிருந்து இரவு 10 மணிக்கு மாற்றினார்கள். நான் ஒன்றும் ஃபிட்ஜெரால்டு இல்லை. கைக்கு வந்த பந்தை நானே நழுவவிட்ட நாள்களும் உண்டு. ஆனாலும் தரவரிசை என்று யாராவது ஆரம்பித்தால், பந்து எப்படி வந்தது என்று கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"சரி அக்கா, அப்படிப் பார்த்தா மோஸுக்கும் பல பேர் மாறி மாறி வீசினாங்களே?"

அதனால்தான் ரேண்டி மோஸ் என் பட்டியலில் இரண்டாவது. 1998இல் முதல் பருவத்திலேயே 17 டச் டவுன். 2007இல் 23, ஒரே பருவத்தில் அதுதான் சாதனை. அவர் ஓடுகிறார் என்றாலே எதிரணி இரண்டு பேரைப் பின்னால் நிறுத்த வேண்டியிருந்தது. ஆட்டத்தின் வடிவத்தையே மாற்றியவர்களுக்குத் தனி மரியாதை தர வேண்டும்.

காலத்தையும் பார்க்க வேண்டும். 1978இல் ஒரு விதி வந்தது: ஓடும் ரிசீவரை 5 யார்டுக்கு அப்பால் இடித்துத் தடுக்கக் கூடாது. அதற்குப் பிறகு வந்தவர்களின் எண்கள் எல்லாமே பெருத்துவிட்டன. 1935 முதல் 1945 வரை கிரீன் பே அணிக்கு ஆடிய டான் ஹட்சன், அந்த முரட்டுக் காலத்திலேயே 99 டச் டவுன் பிடித்தார். அதை முறியடிக்க 1989 ஆனது. அவரை எண்ணால் வரிசைப்படுத்துவது நியாயமில்லை. அவருக்குத் தனி நாற்காலி.

தம்பி கடைசிச் சீட்டை இறக்கினான். "கிண்ணம் இல்லையே அக்கா. ரைஸ் 3 சூப்பர் பவுல் ஜெயிச்சாரு."

அங்கேதான் நான் காத்திருந்தேன். நான் வகுப்புக்கு மட்டம் போட்டுப் பார்த்தது அந்த ஆட்டத்தைத்தான். 43வது சூப்பர் பவுல், எதிரணி பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். அதற்கு முந்திய மூன்று ஆட்டங்களில் ஃபிட்ஜெரால்டு ஆடிய ஆட்டம்தான் கார்டினல்ஸை முதல் முறையாக இறுதிக்குக் கொண்டுவந்தது. இறுதியாட்டத்தையும் சேர்த்து அந்த நான்கு ஆட்டங்களில் 546 யார்டு, 7 டச் டவுன்.

முதல் பாதி முடியும் நேரம். கார்டினல்ஸ் புள்ளி எடுக்க ஒரு யார்டுதான் பாக்கி. வார்னர் வீசினார். ஸ்டீலர்ஸின் ஜேம்ஸ் ஹாரிசன் குறுக்கே புகுந்து பிடித்து, மறுமுனையை நோக்கி 100 யார்டு ஓடினார். தவறு ஃபிட்ஜெரால்டுடையது அல்ல. பந்து அவருக்கு வீசப்பட்டதும் அல்ல. ஆனாலும் துரத்தினார். ஓரத்தில் நின்ற சொந்த அணிக்காரர் மேலேயே மோதி, விலகி, விடாமல் ஓடி எல்லைக்கோட்டில் ஹாரிசனை எட்டிப் பிடித்தார். அரைக் கணம் பிந்திவிட்டது. டச் டவுன்.

ஃபிட்ஜெரால்டைப் பற்றி ரசிகர்கள் விரும்பிச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. அவர் கைநழுவவிட்ட பந்துகளைவிட, பிடித்து விழுத்திய எதிராளிகள் அதிகம். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் ரிசீவர் எப்போது எதிராளியைப் பிடித்து விழுத்துவார்? பெரும்பாலும் தன் பக்கத்தில் யாரோ பந்தைப் பறிகொடுத்த பிறகுதான். அடுத்தவர் தவறுக்குப் பின்னால் அத்தனை முறை ஓடியிருக்கிறார். சம்பளத்துக்கும் தரவரிசைக்கும் அதில் ஒரு பைசா பிரயோசனம் கிடையாது.

ஆட்டம் முடிய 2 நிமிடம் 37 விநாடி இருக்கும்போது, மைதானத்தின் நடுவே பந்தைப் பிடித்து 64 யார்டு ஓடி டச் டவுன் அடித்தார். கார்டினல்ஸ் 23, ஸ்டீலர்ஸ் 20. விடுதியில் நாற்காலி கவிழ்ந்தது. பிறகு, 35 விநாடி மிச்சமிருக்க, மூலையில் நுனிக்காலில் நின்று சன்டோனியோ ஹோம்ஸ் ஒரு பந்தைப் பிடித்தார். 27க்கு 23. முடிந்தது. பந்தை வீசிய பென் ராத்லிஸ்பர்கர், 2004 தேர்வில் கார்டினல்ஸ் மூன்றாவதாக ஃபிட்ஜெரால்டை எடுத்தபோது தாண்டிப்போன குவாட்டர்பேக்.

"அவரு மேல என்னடா குறை இதுல?" என்றேன். தம்பி பதில் சொல்லவில்லை. பிஸ்கட் எடுத்தான்.

முடிவு: ரைஸ், மோஸ், ஃபிட்ஜெரால்டு, அடுத்து டெரல் ஓவன்ஸ், கேல்வின் ஜான்சன். உச்சத்தில் ஓர் ஆட்டத்துக்கு மட்டும் ஆள் எடுப்பதென்றால் ஜான்சனை எடுப்பேன், ஒப்புக்கொள்கிறேன். 17 வருடத்துக்கு என்றால் யோசிக்கவே மாட்டேன். தம்பி பேரம் பேசி ஆறாம் இடம் வரை ஏற்றினான். அதற்கு மேல் வரமாட்டேன் என்றான்.

அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "அந்தப் பையனோட அப்பா என்ன வேலை?"

கேட்டாரே ஒரு கேள்வி! அவர் அப்பாவும் லேரி ஃபிட்ஜெரால்டுதான். மின்னியாபோலிஸில் விளையாட்டு எழுத்தாளர், வானொலியிலும் பேசுபவர். மகன் சிறுவயதில் அங்குள்ள வைக்கிங்ஸ் அணிக்குப் பந்து எடுத்துக்கொடுக்கும் பையனாக இருந்தவர். அந்த சூப்பர் பவுல் அன்று அப்பா செய்தியாளர் பகுதியில் உட்கார்ந்திருந்தார். அங்கே யாருக்காகவும் கைதட்டக் கூடாது என்பது தொழில் மரபு. ஊடகப் படிப்பில் எங்களுக்கும் சொல்லிக்கொடுத்ததுதான். மகன் 64 யார்டு ஓடியபோது அரங்கமே எழுந்து நின்றது. அவர் எழவில்லை.

சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். "அவரு எத்தனையாவது இடம் கொடுப்பாரு?"

"தெரியலையேப்பா."

"சொல்லமாட்டாரு" என்றார். மறுபடியும் நாளிதழ்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தே முக்காலுக்கு ஒரு பாட்டுக்கு இசையமைப்பாளர் பேரை மாத்திச் சொல்லிட்ட. கவனிச்சுக்கோ."

என் அப்பா 9 மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறவர்.